தகிடுதத்தத்துக்கு நான் சொன்ன சாட்சி

தருமபுரிக் கோர்ட்டில் டவாலி அந்தத் தகரப் பலகையைத் தூக்கிப் பிடித்தபோது அது வளைந்து 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டது. கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

கூண்டில் நின்றிருந்தவள் நான். கொலையையோ கொள்ளையையோ பார்த்த சாட்சி அல்ல. தமிழ் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக அங்கே நின்றேன்.

"படிங்கம்மா" என்றார் நீதிபதி.

பலகையில் சிவப்புப் பெயிண்டில் மூன்று வரிகள் இருந்தன. கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போயிருந்தது.

"இது தகிடுதத்தம். தண்ணீர் வராது. யாரும் கேட்காதீர்கள்."

"முதல் வரியில ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம், எங்கேருந்து வந்தது, அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கு. சொல்லுங்க."

எனக்கு நாக்கு வறண்டது. எங்கள் வழக்கே தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான் என்பதால் அதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் ஓர் இடத்தில் 'தகிடுதத்தம்' என்று எழுதிவிட்டேன். சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குடும்பப் பத்திரிகையில் இப்படி எழுதலாமா? அது கெட்ட வார்த்தையா, நல்ல வார்த்தையா?" ஐயா, இதே கேள்விக்குச் சத்தியம் செய்து பதில் சொன்னவள் நான். இந்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான்.

திறப்பு விழாத் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கம். தமிழாசிரியை வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே என் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

ஊரில் எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டெண்டுக் கொட்டகை, கொடிக்கம்பங்கள். தண்ணீர் மட்டும் இல்லை. பெண்கள் ஒரு மைல் நடந்து ஒரு விவசாயக் கிணற்றுக்குப் போவார்கள். கிணற்றுக்காரருக்கு மனசு சரியாக இருக்கும் நாளில் இரண்டு குடம் கிடைக்கும். அவருக்கும் அவர் மனைவிக்கும் சண்டை என்றால் ஊருக்கே குளியல் கிடையாது.

இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் காண்ட்ராக்டர் மாதப்பன். போர் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டி, பஸ் ஸ்டாப் முனையில் நாலு குழாய் நட்டார். திறப்பு விழாவுக்குப் பந்தல், மைக், மாலை எல்லாம் வந்தன. ஒரு பெரிய மனிதர் குழாயைத் திருகினார். தண்ணீர் சீறி வந்து அவர் வேட்டியை நனைத்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமானது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாழ்த்துப் பாட்டுப் பாடினார்கள். அதில் மாதப்பன் பகீரதன் என்று வருணிக்கப்பட்டிருந்தார். பாட்டை எழுதிய மகாகவி நான்தான்.

அன்று சாயங்காலம் குழாய் இருமியது. மறுநாள் காற்று வந்தது. மூன்றாம் நாள் அதுவும் நின்றுபோனது.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விழா அன்று விடியற்காலை இரண்டு டேங்கர் லாரிகள் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிருக்கின்றன. போர்க் குழியில் கல்லைப் போட்டால் புழுதியில் விழுகிற சத்தம்தான் கேட்டது. மோட்டார் பெட்டிக்குள் மோட்டார் இல்லை. ஓர் ஓணான் மட்டும் வசதியாகக் குடியிருந்தது.

பாஷா பாயின் பொறுமை

குழாய்களுக்கு நேர் எதிரே பாஷா பாயின் தகரக் கடை. டிரங்குப் பெட்டி, வாளி, புனல் எல்லாம் செய்வார். ஐம்பது வயசிருக்கும். யாரோடும் வம்புக்குப் போகாதவர். நாள் முழுக்கச் சுத்தியல் அடித்து அடித்துக் காது மந்தம்.

ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரும் காலிக் குடத்தோடு அவர் கடை வாசலில் நின்று கேட்பார்கள். "பாய், தண்ணி வந்துச்சா?" அவர் சுத்தியலை நிறுத்தி, "ஆங்?" என்பார். மறுபடி கேட்பார்கள். "இல்லம்மா" என்பார். சுத்தியலை எடுப்பதற்குள் அடுத்த குடம் வந்து நிற்கும். மாதப்பன் போட்ட குழாய்க்குச் சம்பளமில்லாத உத்தியோகஸ்தர் ஆகிவிட்டார் பாய்.

ஒருநாள் பெட்டி வாங்கப் போயிருந்தேன்.

"டீச்சரம்மா, குழாயில பலகை எழுதி மாட்டப் போறேன். ஏமாத்து வேலைக்கு நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க. அசிங்கமா வேணாம். லேடீஸ் வந்து போற எடம்."

"பித்தலாட்டம்னு எழுதலாமே."

"பக்கத்துல பித்தளைப் பாத்திரக் கடை இருக்குதுங்க. அவரு கோச்சுக்குவாரு."

"பம்மாத்து?"

அவர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "சின்னதா இருக்குது. அது எத்தாம் பெருசு கட்டி வெச்சிருக்காங்க பாருங்க."

"கோல்மால்?"

"அது எங்க பாஷை மாதிரி இருக்குதுங்க. நான்தான் எழுதினேன்னு உடனே தெரிஞ்சிடும்."

"அப்படின்னா தகிடுதத்தம்."

கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "இன்னொரு தபா சொல்லுங்க." சொன்னேன். "அட, தகரத்துல தட்டுற மாதிரியே இருக்குதே!"

எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று பெட்டி மூடியில் சாக்கட்டியால் எழுதியும் காட்டினேன். ஆசிரியப் பணி அல்லவா.

பலகை குழாயில் தொங்கிய நாளிலிருந்து யாரும் பாயைக் கேட்கவில்லை. ஒரு வாரம் அவர் நிம்மதியாகப் பெட்டி அடித்தார். எட்டாம் நாள் மாதப்பன் தன் புல்லட்டில் அந்த வழியாக வந்தார். வண்டியை நிறுத்தினார். படித்தார். மானம் போய்விட்டது என்று கோர்ட்டுக்குப் போனார். குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று கேட்டால் வராத மனிதர், மானம் என்றதும் வக்கீலோடு வந்தார். குற்றம் உறுதியானால் பாய் ஜெயிலுக்கும் போகலாம் என்றார்கள்.

வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தது என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். பாய் சொன்ன பதில்: "என் சொந்த மூளைங்க."

வாய்தாவும் வாளியும்

முதல் நாள் விசாரணையில் நீதிபதி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "தண்ணி வருதா இல்லையான்னு ஒரு நாள் நானே போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?"

அவர் அதை அப்போதே மறந்திருப்பார். மாதப்பனால் மறக்க முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் டேங்கர் லாரிகள் வந்து தொட்டியை நிரப்பின. நாலு குழாயிலும் தண்ணீர் கொட்டியது. நீதிபதி வரவில்லை. வழக்கைத் தள்ளி வைத்தார். அடுத்த வாய்தாவுக்கும் லாரி வந்தது.

நீதித்துறையால் ஓர் ஊருக்குக் குடிநீர் கிடைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலண்டரில் பௌர்ணமி, அமாவாசை பார்ப்பதை விட்டுவிட்டுப் பெண்கள் வாய்தா தேதி பார்த்தார்கள். ஒரு கல்யாணத்தையே வாய்தாவை ஒட்டி வைத்தார்கள்.

பெண்களுக்கெல்லாம் தலைவி ராஜம்மா. அறுபத்தைந்து வயசு, வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். மாதப்பனே அவர் கையில் பிறந்தவர்தான். அவர் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என்னை மடக்கினார்.

"டீச்சர், சாட்சி சொல்லப் போறீங்களாமே?"

"வக்கீல் கேட்டிருக்கார் அக்கா."

"போவாதீங்க. காய்ச்சல்னு சொல்லிடுங்க. நீங்க போய்ச் சொல்லி கேஸ் முடிஞ்சிட்டா தண்ணி நின்னுடும். பொங்கல் வரைக்குமாவது இழுக்கணும்."

"பாய் ஜெயிலுக்குப் போயிட்டா?"

ராஜம்மா குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

தலைமையாசிரியரின் அக்கறை

எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டிருந்தவரும் மாதப்பன்தான். ஆகவே தலைமையாசிரியருக்கு என்மேல் திடீரென்று தந்தைப் பாசம் சுரந்தது.

"கவர்மெண்ட் சர்வெண்ட்மா நீங்க. கோர்ட்டு, கேஸெல்லாம் எதுக்கு? பாத்துக்கிட்டே இருங்க, வத்தல்மலைக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"மலை மேல ஹைஸ்கூலே கெடையாதுங்களே சார்."

"உங்களுக்காகவே ஒண்ணு தொறப்பாங்க" என்றார். மலைமக்களின் கல்விக்கு இதைவிடச் சுருக்கமான திட்டத்தை நான் கேட்டதில்லை.

சொல் எங்கே பிறந்தது?

இதற்கிடையில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தை நான் தேட வேண்டியிருந்தது. அகராதியைப் பார்த்தேன். 'ஏமாற்று, மோசடி' என்று பொருள் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது.

எங்கள் கணக்கு வாத்தியார் மிருதங்கம் பழகியவர். "இது ஜதிம்மா. தகிட, தத்தோம்னு வரும் பாருங்க, அதான். வேகமா வாசிக்கிறப்ப எந்த விரல் எங்க விழுதுன்னு தெரியாது. ஏமாத்துறவன் வேலையும் அப்படித்தானே?" என்று மேசையிலேயே வாசித்துக் காட்டினார். கணக்கைவிட அது நன்றாக இருந்தது.

எனக்கு வேறொன்று தோன்றியது. தகடு என்றால் உலோகத் தகடு. தத்தம் என்றால் நீர் வார்த்துத் தானம் கொடுப்பது. நிலத்தைக் கொடுத்தேன் என்று தகட்டில் எழுதி, தண்ணீரையும் ஊற்றிவிட்டு, நிலத்தை மட்டும் கொடுக்காமல் விட்ட யாராவது ஒரு புண்ணியவானிடமிருந்து இந்தச் சொல் வந்திருக்குமோ? ஆதாரம் எதுவும் கிடையாது. ராத்தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஆனால் மாதப்பன் செய்த தானத்தில் நீர் வார்த்தல்கூட லாரித் தண்ணீர் என்பதை நினைத்தால், பழைய ஏமாற்றுக்காரர்கள் எவ்வளவோ முறையானவர்கள் என்று பட்டது.

பாயின் வக்கீல் இளைஞர். மிருதங்கக் கதையைக் கேட்டதும் துள்ளினார். "அதையே சொல்லிடுங்க மேடம். அது வெறும் தாளச் சொல்லு, அர்த்தமே கெடையாதுன்னு சொல்லிடுங்க. பாய் வெளிய வந்துடுவாரு."

அதாவது, தகிடுதத்தம் என்றால் ஏமாற்று அல்ல என்று நான் கோர்ட்டை ஏமாற்ற வேண்டும்.

பாய் செய்த பெட்டி

சாட்சிக்கு முந்தைய நாள் கடைக்குப் போனேன். பாய் சின்னதாக ஒரு பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார். பூ எதுவும் வரையவில்லை. மூடியில் அவர் பெயரே எழுதியிருந்தது.

"யாருக்கு பாய் இது?"

"எனக்குத்தாங்க. உள்ள போனா ரெண்டு துணி, தொழுகைக்குப் பாய் வெக்கணும் இல்லீங்களா? பெருசா இருந்தா விடமாட்டாங்கன்னு சொன்னாங்க." பேசிக்கொண்டே ஓரத்தைத் தட்டினார். சுத்தியல் இரண்டு தடவை விரலில் விழுந்தது. "நாளைக்கு ஒங்க பேரு வரக் கூடாதுங்க டீச்சரம்மா. நீங்க அர்த்தம் சொல்ல மட்டும்தான் வந்திருக்கீங்க. தெரியுதா?"

அந்த ஊரில் என்னைப் பகீரதன் பாட்டு எழுதியதற்காகப் பாராட்டியவர்கள் பலர். அதற்காக எனக்கு வெட்கம் வந்தது அன்றைக்குத்தான்.

கூண்டில்

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி மறுபடியும்.

பாயின் வக்கீல் மேசை மேல் மெதுவாக விரலால் தாளம் போட்டு எனக்கு ஞாபகப்படுத்தினார்.

"இது எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரியாது ஐயா. தாளச் சொல்லிலிருந்து வந்தது என்கிறவர்கள் உண்டு. தகடு என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் யூகம். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. பொருளில் மட்டும் சந்தேகம் இல்லை. தகிடுதத்தம் என்றால் ஏமாற்று வேலை."

வக்கீலின் தாளம் நின்றது. பாய் தலையைக் குனிந்துகொண்டார். மாதப்பனின் வக்கீலுக்கு முகமெல்லாம் பல்.

"ஆக, என் கட்சிக்காரரை மோசடிக்காரர்னு எழுதியிருக்குன்னு ஒத்துக்கறீங்க?"

"இல்லை. அவரைப் பற்றி இதில் எதுவுமே எழுதவில்லை."

"வெளையாடாதீங்க."

"முதல் சொல்லைப் பாருங்கள். 'இது' என்று இருக்கிறது. 'இவர்' இல்லை, 'இவன்' இல்லை. 'இது' அஃறிணை. பலகை தொங்கியது குழாயில். குழாயைத்தான் சொல்கிறது. அது தங்கள் கட்சிக்காரரைக் குறிக்கிறது என்றால், அவரை அஃறிணை என்று சொல்வது தாங்கள்தான். நாங்கள் இல்லை."

ஆறாம் வகுப்பு இலக்கணம். திணை இரண்டு வகைப்படும். அதற்கு ஒரு கோர்ட்டு கைதட்டி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். டவாலி மூன்று முறை "சைலன்ஸ்" என்றார்.

வக்கீல் விடுவாரா? "பேச்சு வழக்குல மனுஷனையும் 'இது'ன்னு சொல்றது உண்டு இல்லையா?"

"உண்டு. குழந்தைகளைச் செல்லமாகச் சொல்வோம். மதிப்பில்லாத ஆளையும் சொல்வோம். இவரை ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லலாம்."

மாதப்பன் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஆனால் வக்கீலுக்குச் சூடு ஏறிவிட்டது. "இவ்வளவு பேசறீங்களே, இந்தத் தகரக் கடைக்காரருக்கு இந்த வார்த்தையை எழுதிக் கொடுத்ததே நீங்கதான்னு நான் சொல்றேன். சத்தியம் பண்ணியிருக்கீங்க. பதில் சொல்லுங்க!"

பாய் எழுந்து நின்றுவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா, என் சொந்த மூளைங்க" என்று அவர் சொன்னதை டவாலி அதட்டி அமுக்கினார்.

சுற்றுச்சுவர் நினைவுக்கு வந்தது. என் சம்பளத்தை நம்பி வீட்டில் இருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

"ஆமாம். நான்தான் கொடுத்தேன். பித்தலாட்டம், பம்மாத்து, கோல்மால் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு எதுவும் போதவில்லை. அந்தத் தொட்டியைப் பார்த்தால் உங்களுக்கும் போதாது."

இந்த முறை நீதிபதி சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாதப்பனைப் பார்த்தார். "தண்ணி வருதாய்யா?"

"வருதுங்க ஐயா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருதுங்க" என்றார் மாதப்பன் பதற்றத்தில்.

அதற்கு மேல் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாய்தாவில் பாயை விடுதலை செய்தார்கள். தன் பெட்டியை அவர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊர் வரைக்கும் அழுதார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தகிடு வூடு

லாரி வருவது அன்றோடு நின்றது. ராஜம்மா சொன்னது போலவே ஆனது. சில வாரம் எந்தப் பெண்ணும் என்னோடு பேசவில்லை. பாயிடம் எப்போதும் போலக் கேட்டார்கள். "பாய், தண்ணி வந்துச்சா?" அவரும், "ஆங்?" என்றார்.

பிறகு ஒரு சந்தை நாள். காரிமங்கலம் சந்தையில் மாடு, புளி, மிளகாய் எல்லாவற்றுக்கும் நடுவே மாதப்பன் நாலு பேரோடு நின்றிருந்தார். ராஜம்மா காலிக் குடத்தோடு நேராக அவர் எதிரே போய் நின்றார்.

"ஏ மாதப்பா, குழாயச் சொன்னா கேஸ் இல்லன்னு டீச்சரு சொல்லிடுச்சு. அதனால ஒன்னியவே சொல்றேன். நீதான் தகிடுதத்தம். எழுதல, வாயால சொல்றேன். போ, போய் கேஸ் போடு. எனக்கு வாய்தா வேணும்."

பின்னாலிருந்து இன்னொருத்தி, "எனக்கும் ஒண்ணு போடு" என்றாள். பிறகு இன்னொருத்தி. சந்தையே வேடிக்கை பார்த்தது. மாதப்பன் யார் மேலும் வழக்குப் போடவில்லை. புல்லட்டை மிதித்தார். அதுவும் உடனே கிளம்பவில்லை.

அன்றிலிருந்து அவர் பெயர் போய்விட்டது. நீளமான சொல் ஊர் வாயில் தேய்ந்து 'தகிடு' ஆனது. பஸ் கண்டக்டர்கள், "தகிடு வூடு எறங்கு" என்று ஸ்டாப்பிங் சொன்னார்கள். அவர் பெண்ணைப் பார்க்க கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து சம்பந்திகள் வந்து பஸ் ஸ்டாப்பில், "காண்ட்ராக்டர் மாதப்பன் வீடு எது?" என்று கேட்க, ஐந்தாறு பேர் சேர்ந்து யோசித்து, "ஓ, தகிடு வூடுங்களா?" என்று வழி காட்டியிருக்கிறார்கள். சம்பந்திகள் அர்த்தம் கேட்டார்களாம். அதையும் நன்றாக விளக்கியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் மாதப்பனே ஊருக்குள் போர் வண்டி கொண்டுவந்தார். பழைய குழியை விட்டுவிட்டு ஏரிப் பக்கமாக வேறு இடத்தில் இறக்கினார்கள். மூன்று நாள் புழுதி, நாலாம் நாள் சேறு, பிறகு தண்ணீர். பெட்டிக்குள் இப்போது நிஜமான மோட்டார் வைத்தார்கள். திறப்பு விழா வைக்கவில்லை. வாழ்த்துப் பாட்டு எழுத என்னையும் யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வத்தல்மலையில் பள்ளி திறக்க அரசாங்கத்துக்கு நேரமில்லை போலும். தொப்பூர்ப் பக்கம் போட்டார்கள். கணவாயில் ஏறி இறங்கும் லாரிகளின் ஹாரன் சத்தத்தில் அங்கே நான் புணர்ச்சி விதி நடத்திய கதை வேறு.

கடைசி நாள் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். குழாய்களில் கரகரவென்று சத்தம் கேட்டது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து ராஜம்மா கத்தினார்.

"தகிடு வந்திருச்சு! தகிடு வந்திருச்சு! ஓடியாங்கடி!"

குடங்களோடு பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் தண்ணீரைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. மாதப்பன் புல்லட்டில் அந்த வழியாகத்தான் போனார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜம்மா ஒரு சொம்பை நிரப்பி என்னிடம் நீட்டினார். "தகிடு குடிச்சிட்டுப் போங்க டீச்சர். இன்னைக்கு மொதத் தண்ணி."

குடித்தேன். துளிகூட உப்பில்லை.